நிச்சயம் வந்துருச்சு

எங்கப்பாவுக்குத் தேனிக் கடைவீதியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. நிச்சயம் முதலாளி. மிளகாய் வத்தல், மல்லி, புளி வாங்கி விற்கும் கமிஷன் மண்டி வைத்திருந்தார். ஆனால் பட்டப்பெயர் வியாபாரத்தால் வரவில்லை; மூட்டை இறக்க வந்தவர், டீ கொண்டுவந்தவர், வழி கேட்க நின்றவர் என்று ஆள் பார்க்காமல் அவர் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. "இன்னைக்கே உசிரு போனா எங்கன போவீக? நிச்சயம் இருக்கா?"

நாங்கள் புராட்டஸ்டண்டுகாரர்கள். செத்த பிறகு ஆண்டவர் தன்னைச் சேர்த்துக்கொள்வார் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லாத மனசை இரட்சிப்பின் நிச்சயம் என்போம். ஊருக்கு அது தெரியாது. ஊருக்கு நிச்சயம் என்றால் பாக்கு வெற்றிலை மாற்றுவதுதான். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர், அப்பா கேட்ட கேள்விக்கு, "எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலயே மொதலாளி, நிச்சயத்துக்கு எங்கிட்டுப் போக?" என்று சொன்னது கடைவீதி முழுக்கச் சுற்றிவந்தது. அப்பாவுக்குக் கோபம் வராது. தராசை அப்படியே விட்டுவிட்டு விளக்கம் சொல்ல உட்கார்ந்துவிடுவார். "கல்யாண நிச்சயம் ஆகுறது. பெரியவுக கூடி ஆக்குறது. நான் சொல்ற நிச்சயம் வர்றது. மேலயிருந்து, தானா வர்றது. ஆகுறது வேற, வர்றது வேற." இதை அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு நிச்சயத்தையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளாத ஒரு மனுஷர் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தார் என்றால் அது எங்கப்பாதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டி வாசலில் ஒரு பலகை. அப்பாவே வாசகம் யோசித்து, பெயிண்டரை வைத்து நீலத்தில் எழுத வைத்தது: "இன்றே வாருங்கள். அவர் தள்ளமாட்டார்." அதற்கும் ஊர் சும்மா இருக்கவில்லை. "ஆமா, வெலையில அஞ்சு பைசா தள்ளமாட்டாரு" என்று எதிர் மண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயில் ஆராதனை முடிந்து சாப்பிட்டதும், அப்பாவும் சபையில் உள்ள இன்னும் சில கடைக்காரர்களும் கஞ்சிராவும் ஆர்மோனியமுமாகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போய்த் தெருப்பிரசங்கம் செய்வார்கள். நான் கைப்பிரதி என்கிற துண்டுப் பிரசுரங்களைக் கொடுப்பேன். கிண்டல் செய்தவர்களைப் பார்த்து எனக்கு வெட்கமே வந்ததில்லை. எங்கப்பாவைப்போல ஒருவர் ஊரில் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அவள் என் சிநேகிதி, என்னோடு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கம்பம் ரோட்டில் ஒரு கிராமம். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடு, இந்துக் குடும்பம். அவளுடைய அப்பா, பெரியப்பா, சொந்தக்காரர்கள் எல்லோருடைய வத்தலும் எங்கள் மண்டிக்குத்தான் வரும். அவர்கள் ஒரு குடும்பம் என்றால் ஊரில் பாதி. அவர்கள் மூட்டை எந்த மண்டி வாசலில் இறங்குகிறதோ, அங்கேதான் அந்தப் பக்கத்து ஊர்களின் மூட்டைகளும் இறங்கும்.

மண்டிக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் விட்டால் பஸ் வரும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அம்மா காப்பி கொடுப்பார். சாயங்கால குடும்ப ஜெபத்தில் அவளும் ஓரமாக உட்காருவாள். முதலில் பாட்டுக்காக உட்கார்ந்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய விஷயங்களை அவள் புதுசாகக் கேட்டாள். ஒருநாள் அப்பாவிடம், "தள்ளமாட்டாருன்னு எழுதிப் போட்டிருக்கீகளே, எப்படித் தெரியும்? தள்ளிட்டா என்ன செய்ய?" என்று கேட்டாள். அப்பா அசந்துபோனார். இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். வந்த ஒரு ஆளையாவது ஆண்டவர் வெளியே தள்ளினதாக வேதத்தில் எங்கேயும் இல்லை என்று அவளுக்கு ஒவ்வொரு ஆளாக எடுத்துச் சொன்னார். என்னையும் அப்பான்னே கூப்பிடு ஆத்தா என்றார். அவளும் கூப்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சந்தை நாளில் அவளுடைய அப்பாவோடு வண்டியேறி வந்து எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போவாள். அவளைத் தாய்மாமனுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதல் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர், வயசிலும் ரொம்ப மூத்தவர். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. அதைவிட, அவள் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் மிஷன் நடத்தும் பெண்கள் விடுதி ஒன்று உண்டு, அங்கே தங்கி டீச்சர் டிரெயினிங் படிக்கலாம், நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொன்னவர் எங்கப்பா. அவள் கேட்கவில்லை. இவராகத்தான் சொன்னார்.

ஆனால் அவசரப்படக் கூடாது என்றார். வயசு நிறையட்டும், வீட்டு மேல உள்ள வெறுப்பில் வரக் கூடாது, மனசில் நிச்சயம் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நிச்சயம் வந்துருச்சுன்னா என்னைக்குன்னாலும் வா, ஆத்தா. ஆளுக இருக்காகன்னு பாக்காத. அந்த ஒத்த வார்த்தையை மட்டும் சொல்லு. மிச்சத்தை அப்பா பாத்துக்கிறேன்."

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. வத்தல் வரத்து நேரம். மண்டிக்குள் நுழைந்தாலே தும்மல் வரும். நான் அப்பாவுக்குக் காலைப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்திருந்தேன். அவளுடைய பெரியப்பா லாரியில் மூட்டைகளோடு வந்து, அப்பாவுக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஊர்க்காரர்கள் சிலர் மூட்டை மேல் சாய்ந்திருந்தார்கள். வாசலில் அவள் வந்து நின்றாள். தனியாக. தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு வருகிற மாதிரி ரெட்டைச் சடை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பை.

மண்டிக்குள் பெண்பிள்ளைகள் முன்வாசல் வழியாக வரும் வழக்கமில்லை. எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் பெரியப்பாவைப் பார்த்துவிட்டாள், பார்த்தும் நிற்கவில்லை. நேராக அப்பா முன்னால் வந்தாள்.

"அப்பா, எனக்கு நிச்சயம் வந்துருச்சு."

அப்பா அவளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் துடைத்தார். அவர் கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பெற்ற அப்பாவின் முகம் தெரியாதா? அவருக்குச் சந்தோஷம் வந்தால் முதலில் கண் கலங்கும். அப்போதும் கலங்கியது. ஒரு கணம்தான். அதற்குப் பிறகு வியாபாரி முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அடடே, நிச்சயம் ஆயிருச்சா? ரொம்பச் சந்தோசம் ஆத்தா. மாமனுக்குத்தான?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவருக்குத்தான் தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். இன்னும் ஓரடி முன்னால் வந்து, மெதுவாகத் திருத்தினாள். "ஆகலப்பா. வந்துருச்சு."

அப்பா சிரித்தார். "எல்லாம் ஒன்னுதான், ஆத்தா" என்றார்.

ஆகுறது வேற, வர்றது வேற என்று கடைவீதிக்கே பாடம் எடுத்த வாய் அது. நான் பொறுக்கமாட்டாமல், அப்பா, அவ வந்துருச்சுன்னு சொல்றாப்பா என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, உங்கம்மா கூப்பிடுறா பாரு, உள்ள போ என்றார். அம்மா கூப்பிடவில்லை. நான் போகவுமில்லை. பெரியப்பாவுக்கு அதுவரை, தனியாக எப்படி வந்தது இந்தப் பிள்ளை என்று முகம் கறுத்திருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. பேசித்தான் முடிச்சிருக்கு, அதுக்குள்ள மொதலாளிகிட்டச் சொல்ல ஓடி வந்திருக்கா பாருங்க, பாசக்காரப் பிள்ள என்றார். அப்பா உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் கல்கண்டுப் பொட்டலமும் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். பஸ்ஸில் தனியாகப் போக வேண்டாம், பெரியப்பாவோடு லாரியிலேயே போய்விடு என்று அவர்தான் சொன்னார். அவர்தான் முன் கதவைத் திறந்துவிட்டார். அவள் வாழைப்பழத்தையும் மஞ்சள் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். என்னிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுமில்லை என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. லாரி கிளம்பிவிட்டது.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அப்பா வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார். அந்தப் பிள்ளைக்கு நல்ல குடும்ப வாழ்வைத் தாரும் ஆண்டவரே என்று முடித்தார். அம்மாவும் தம்பியும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சொல்லு என்று அவரும் சொல்லவில்லை.

மறுநாள் நான் நேருக்கு நேராகக் கேட்டேன். இப்படிச் செய்துவிட்டீர்களே என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. உனக்கு ஞானம் போதாது என்றார். பொம்பளப் பிள்ளையைக் கடத்திவிட்டான் என்று ஊர் திரண்டு வந்தால் ஊழியமே நின்றுபோகும், தெருப்பிரசங்கம் செய்ய விடமாட்டார்கள், சபைக்கே கெட்ட பேர் என்றார். மண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியாக, "அவ விசுவாசம் நெசம்னா ஆண்டவர் பாத்துக்குவாரு. ஆண்டவரை நம்பு" என்றார்.

பயம் பொய்யில்லை. அந்தக் காலத்தில் அப்படி வந்த பிள்ளையை ஏற்றுக்கொண்டிருந்தால் மண்டிக் கதவை உடைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. பயந்துபோனேன் ஆத்தா, என்னால் முடியவில்லை என்று அவளிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அவர் பயத்துக்கு ஆண்டவர் பேரை வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் 'ஆண்டவர் பாத்துக்குவாரு' என்று சொன்னாலும், 'நான் பார்க்கமாட்டேன்' என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றே என் காதில் விழுந்தது.

கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நடந்துகொண்டுதான் இருந்தது, கேள்வியும் நிற்கவில்லை. ஒன்றே ஒன்று மாறியது. ஆகுறது, வர்றது என்ற விளக்கத்தை அவர் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. யாராவது கல்யாணப் பகடி பேசினால் சும்மா சிரித்துவிட்டுத் தராசைப் பார்ப்பார். ஊரில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வேறு வேலையே இல்லாதவள்போலக் கவனித்தேன்.

எனக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு மின்சார வாரியத்தில் வேலை. லோயர் கேம்ப் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன். பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி வரும் இரைச்சலில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கோயிலுக்குப் போவேன், பாடுவேன், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பேன். ஜெபிக்க உட்கார்ந்தால் மட்டும், வந்தவர்களைத் தள்ளமாட்டார் என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். லாரி முன்சீட்டும் வாழைப்பழமும் கண்ணில் நிற்கும். அவளைத் தள்ளிய கையும் எனக்கு ஆண்டவரைக் காட்டிய கையும் ஒரே கை. நான் எதை நம்ப?

எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிப் படுத்தார். தம்பி என் வீட்டுக்காரருடைய ஆபீசுக்குப் போன் செய்து தகவல் சொன்னான். நான் பஸ் ஏறினேன். கம்பத்தில் கூட்டம் ஏறியது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான். நெற்றியில் திருநீறு, பூவில்லாத தலை, வளையல் இல்லாத கை. நான் அடையாளம் கண்டுகொள்வதற்கு முன் அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

திராட்சைத் தோட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாள். இரண்டு பையன்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாச்சிதான் மாமியார், அவரும் கூட இருக்கிறார். அப்பாவைக் கேட்டாள். படுக்கையில் இருக்கிறார் என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு அப்பாவுக்குத் தப்பாகக் கேட்கவில்லை, நன்றாகத்தான் கேட்டது என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று இருந்திருக்கிறது.

"தெரியும்" என்றாள் அவள். "ரெண்டாந்தரம் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. கண்ணு கலங்குச்சுல்ல?"

வீரபாண்டி தாண்டியதும் அவளாகவே, அன்றைக்கு லாரியில் ஊர் போய்ச் சேரும்வரை ஆண்டவர்மேலும் கோபமாக வந்தேன் என்றாள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, தோட்டம். பந்தலுக்கு அடியில் தண்ணீர் பாய்ச்சுகிறபோது யாரும் பார்க்காமல் பேசுவேன், எனக்கு அதுதான் கோயில் என்றாள். "அப்பா தள்ளிட்டாக. அவுக சொன்ன ஆளு தள்ளல" என்றாள். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் குத்தலோ வீம்போ இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் வீட்டில், என் பாயில் உட்கார்ந்து அவள் வாங்கிக்கொண்டுபோனது அவளிடம் பத்திரமாக இருக்கிறது, என்னிடம் இல்லை.

தேனியில் இறங்கும்போது, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். வேண்டாம், என்னைப் பார்த்தால் அவுகளுக்கு நெஞ்சு தாங்காது என்றாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"ஊரையெல்லாம் கேட்டாகல்ல? அவுகள யாரும் கேட்டிருக்க மாட்டாக. நான் கேட்டேன்னு கேளு. நிச்சயம் வந்துருச்சான்னு."

அப்பா சுருங்கிப்போய்க் கட்டிலில் கிடந்தார். போதகரும் சபை மூப்பர்களும் வந்து ஜெபித்துவிட்டுப் போன நேரம். இவ்வளவு நிம்மதியாக ஒரு ஆள் மரணத்துக்குக் காத்திருந்து பார்த்ததில்லை என்று ஒருவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார். அவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்து, பஸ்ஸில் அவளைப் பார்த்தேன் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. அவள் கேட்கச் சொன்னதைச் சொன்னேன். வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

துண்டு தலைமாட்டில் கிடந்தது. அதைத் தடவி எடுத்துக் கையைத் துடைத்தார்.

"வரல" என்றார். துண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கே போயிருச்சு. திரும்பி வரல" என்றார்.

அழுதார். நானும் அழுதேன். இனி எல்லாம் சரியாகிவிடும், நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன், இருவருமாக ஜெபிப்போம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தது வேறு விஷயத்துக்கு. சபையில் யாரிடமும் இதைச் சொல்லாதே, அம்மாவிடமும் சொல்லாதே, பேர் கெட்டுப்போகும் என்றார். நான் கையை உருவிக்கொண்டேன்.

அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனைக்குக் கடைவீதியே வந்தது, எதிர் மண்டிக்காரர்கள் உட்பட. பேசிய எல்லோரும் நிச்சயத்தோடு வாழ்ந்தார், நிச்சயத்தோடு போனார் என்றே பேசினார்கள். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த லாரி கிளம்பிய நாளிலிருந்து அவர் சொன்ன பொய்யைக் காவல்காக்கும் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், சம்சாரி வீட்டுப் பெண்களோடு அவள் நின்றாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். துக்கம் விசாரிக்கவில்லை. என்ன சொன்னாக என்று மட்டும் கேட்டாள். சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தார். நான் சொன்னேன்.

அவள் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அத்தனை பேர் அழுதார்கள். அவளைப்போல யாரும் அழவில்லை. நான் தூக்கிவிடப் போனேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸ விட்டு எறங்குன அன்னைக்கே நான் வீட்டுக்கு வந்து கேட்டு, அவரு தள்ளமாட்டாருன்னு சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றாள்.

எங்கப்பா செய்ததில் பெரும்பாலானவற்றை நான் மன்னித்துவிட்டேன். அவளை அந்த வாக்கியத்தைச் சொல்ல வைத்ததை மட்டும் இன்றுவரை முடியவில்லை.